பத்து ரூபாய் யூனிட்

மின்கட்டண உயர்வை எதிர்த்து நான் எந்த வழக்கும் நடத்தியதில்லை. அதற்கென்று ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும், நாலு பேர் ஆவேசமாகப் பேசுவார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். என்னிடம் வருவதெல்லாம் செக் பவுன்ஸ், பாகப்பிரிவினை, வாடகை பாக்கி, கம்பெனி கணக்கு முடித்துத் தராத கிராஜுவிட்டி. திருப்பூரில் சின்ன வக்கீலுக்கு அதுவே சரியாக இருக்கும். 2023 செப்டம்பர் கடைசியில் வந்த இந்த விவகாரமும் முதலில் வழக்கு மாதிரியே தெரியவில்லை. ஆயிரம் ரூபாய் வரவில்லை என்று ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை அந்த மாதம் 15-ஆம் தேதிதான் தொடங்கியிருந்தது. ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் என்றால் பத்து ஏக்கருக்குள் என்று வரிசையாக நிபந்தனைகள். அவற்றில் ஒன்று, வீட்டு மின்பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது. வந்தவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். வீட்டுக்காரர் ஓவர்லாக் டெய்லர். சொந்த ஊர் தேனிப் பக்கம். ரேஷன் கார்டை இங்கே மாற்றிப் பல வருடம் ஆகிவிட்டது. நிராகரித்துவிட்டதாக செல்போனில் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. உதவி மையத்துக்குப் போய்க் கேட்டால், கரண்ட் வரம்புக்கு மேல் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

“எங்க வீட்ல ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன், ஒரு டிவி சார். பாதி நாள் ஒன்றரை ஷிப்ட். வீட்ல இருக்கறதே தூங்கறதுக்குத்தான். நாங்க எப்பிடி சார் மூவாயிரத்து அறுநூறு யூனிட்டு எரிக்க முடியும்?”

விண்ணப்பத்தில் மின் இணைப்பு எண் கேட்டிருந்தார்கள். இவர் வீட்டுக்காரரிடம், அதாவது வீட்டின் சொந்தக்காரரிடம், கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா குடியிருப்பது லைன் வீடு. முன்வரிசையில் மூன்று, பின்வரிசையில் நான்கு, நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. ஏழு குடும்பத்துக்கும் ஒரே சர்வீஸ் நம்பர். மீட்டர் பெட்டி சந்தின் வாயில், பூட்டுப் போட்டு. அதற்குள்ளிருந்து ஏழு வயர் பிரிந்து ஏழு சப்-மீட்டருக்குப் போகிறது.

கைப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். இந்த வழக்கின் ஆவணம் என்று பார்த்தால் கடைசிவரை அது ஒன்றுதான். அட்டையில் எண்ணெய்க் கறை. இரண்டு மாதத்துக்கு ஒரு பக்கம். பழைய ரீடிங், புது ரீடிங், கழித்து வந்த யூனிட், ‘இன்ட்டு’ போட்டு ஒரு தொகை, கீழே சொந்தக்காரரின் கையெழுத்து. எல்லாப் பக்கத்திலும் 150-க்கும் 160-க்கும் நடுவில்தான் யூனிட். ‘இன்ட்டு’க்குப் பக்கத்து எண்தான் மாறியது. 2022 ஆகஸ்ட் வரை எட்டு. அக்டோபரிலிருந்து பத்து.

வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். சட்டப் புத்தகம் அப்புறம்தான்.

2022 செப்டம்பர் 10-ஆம் தேதி மின்கட்டணம் உயர்ந்தது. அப்போது அரசு சொன்ன கணக்கு ஒன்று உண்டு: இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் வரை பயன்படுத்துகிறவர்களுக்கு மாதம் 27 ரூபாய் 50 காசுதான் கூடுகிறது. பொய் இல்லை. 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம்; அதற்கு மேல் 200 வரை, அந்த உயர்வுக்குப் பிறகு, யூனிட்டுக்கு இரண்டே கால் ரூபாய் என்று இருந்தது. இந்த அம்மா எரிக்கிற 160 யூனிட்டுக்குத் தனி மீட்டர் இருந்திருந்தால், 60 யூனிட்டுக்கு மட்டும் கணக்கு, 135 ரூபாய். பழைய கட்டணத்தில் நிலைக்கட்டணம் சேர்த்து 110. ஆக இரண்டு மாதத்துக்கு 25 ரூபாய் உயர்வு. யாரும் வக்கீலைத் தேடி வரமாட்டார்கள்.

அவர் கொடுத்ததோ 1,600. முன்பு 1,280. அவருக்கு உயர்வு 320 ரூபாய்.

உரிமைத் தொகை முறையீட்டுக்கு முப்பது நாள்தான் அவகாசம். இ-சேவை மையத்தில் கோட்டாட்சியருக்கு மேல்முறையீட்டை முதலில் போட்டுவிட்டு, வீட்டின் சொந்தக்காரருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினேன்: தனி இணைப்புக்கு ஒப்புதல் கடிதம் தரவும், இதுவரை வசூலித்த கட்டணத்துக்குக் கணக்குக் காட்டவும். அவர் வக்கீல் வைக்கவில்லை. நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ஆபீஸுக்கு வந்துவிட்டார்.

“ஏனுங் வக்கீலு, நானென்ன கரண்டு திருடி விக்கறனுங்களா? எனக்கு வர்ற பில்லப் பாருங்க மொதல்ல.”

பார்த்தேன். நிட்டிங் மாஸ்டராக வேலை பார்த்து ஓய்ந்தவர். அந்த லைன் வீட்டு வாடகைதான் அவருக்கும் மனைவிக்கும் சாப்பாடு. மெயின் மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 980 யூனிட். 500-ஐத் தாண்டிய இணைப்புக்கு அந்த இரண்டே கால் ரூபாய் சலுகை கிடையாது. 101-லிருந்து 400 வரை நாலரை, அடுத்த நூறு ஆறு ரூபாய், அடுத்த நூறு எட்டு, 800 வரை ஒன்பது, அதற்கு மேல் ஆயிரம் வரை பத்து என்று அப்போதைய கட்டணம். மொத்தம் 6,350 ரூபாய். பழைய கட்டணத்தில் இதே யூனிட்டுக்கு அவர் கட்டியது 4,948. ஏழு குடும்பத்துக்குமாகச் சேர்த்து அந்த இணைப்புக்குக் கிடைத்த இலவசம் 100 யூனிட். குடும்பத்துக்குப் பதினாலே கால் யூனிட் வீதம் பங்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏழு சப்-மீட்டரும் சேர்ந்து 910 யூனிட், மீதி 70 மோட்டாருக்கும் சந்து லைட்டுக்கும். 910-ஐப் பத்தால் பெருக்கினால் 9,100. பில் போக அவர் கையில் நின்றது 2,750. அதை அவரிடமே தாளில் எழுதிக் காட்டினேன். மறுக்கவில்லை. 2022-ல் வீட்டு வரியும் ஏறியதைச் சொன்னார், மோட்டார் வருடத்துக்கு ஒரு தடவை காயில் போவதைச் சொன்னார், தண்ணீர் லாரி வரும் மாதங்களைச் சொன்னார். பாதி நியாயம், பாதி சாக்கு. ஆனால் ஒன்று எனக்கு உறைத்தது. அவருக்குக் கடைசி யூனிட் நிஜமாகவே பத்து ரூபாய்க்குத்தான் விழுகிறது. அவர் ஒரு பைசா லாபம் வைக்காமல் பில்லை அப்படியே பிரித்துப் போட்டிருந்தாலும் இந்த அம்மா ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பார். 135 கட்ட வேண்டிய குடும்பம் 1,600 கட்டியதில் பெரும்பங்கைத் தின்றது கட்டண அட்டவணை. சொந்தக்காரர் எடுத்தது மிச்சத்தை.

மின்வாரியத்தின் கணக்கில் குடும்பம் என்றால் மீட்டர். மீட்டர் யார் பேரில் இருக்கிறதோ அவர் வீட்டில் இலவசம் இறங்கும். அந்த மீட்டருக்குப் பின்னால் சப்-மீட்டரில் தொங்குகிறவர்களுக்குச் சலுகை பெட்டிப் பூட்டோடு நின்றுவிடும். உயர்வு மட்டும் வயர் வழியாக வந்து சேரும். இப்போது பாருங்கள், அதே மீட்டரை வைத்துத்தான் யார் ஏழை என்றும் தீர்மானித்திருக்கிறார்கள். 980-ஐ ஆறால் பெருக்கினால் ஆண்டுக்கு 5,880 யூனிட். செக்கிங் வேலை பார்க்கும் பெண்மணி காகிதத்தில் ஏ.சி. வைத்த வீட்டுக்காரி ஆகிவிட்டார். அவருடைய நிஜமான ஆண்டு யூனிட் 960.

இடையில் எங்கள் தொழிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வக்கீல், டாக்டர் போன்றவர்கள் குடியிருக்கும் வீட்டோடு ஒட்டி 200 சதுர அடிக்குள் ஆபீஸ் வைத்துக்கொண்டால் அதற்கு வணிகக் கட்டணம் இல்லை, வீட்டுக் கட்டணம்தான். கட்டண ஆணையிலேயே இருக்கிறது. என் ஆபீஸும் அப்படித்தான் ஓடுகிறது. எங்களை ஞாபகம் வைத்து எழுதியவர்களுக்கு லைன் வீடு ஞாபகம் வரவில்லை.

நோட்டீஸுக்கு முன்பே அந்த அம்மாவுக்கும் சொந்தக்காரருக்கும் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இண்டக்‌ஷன் அடுப்புச் சண்டை. 2020 நவம்பரில் சென்னையில் 610 ரூபாய்க்கு விற்ற வீட்டு சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. வங்கியில் விழுந்துகொண்டிருந்த மானியமும் 2020-லேயே நின்றுவிட்டது. 2023 ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைத்தார்கள், அதற்குள் ஊரில் பாதிப்பேர் இண்டக்‌ஷன் வாங்கிவிட்டார்கள். இந்த அம்மாவும் வாங்கினார். பாலும் வெந்நீரும் அதில், சோறும் குழம்பும் கேஸில். நாற்பது நாளில் தீர்கிற சிலிண்டரை இரண்டு மாதம் இழுக்கலாம் என்று கணக்கு. கணக்கு சரிதான், இரண்டே கால் ரூபாய் யூனிட்டாக இருந்தால். ஒரு சிலிண்டர் செய்கிற சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறத்தாழ 110, 120 யூனிட் ஆகும். பத்து ரூபாய் யூனிட்டில் அது சிலிண்டர் விலையையே தொட்டுவிடுகிறது. அவரும் இரண்டு பில்லில் அதைக் கண்டுகொண்டு இண்டக்‌ஷனைப் பரணில் போட்டுவிட்டார். ஆனால் சொந்தக்காரர் ஏழு வீட்டுக் கதவிலும் தாள் ஒட்டிவிட்டார்: ‘கரண்டு அடுப்பு, ஹீட்டர் வைக்கக் கூடாது. மீறினால் காலி செய்யவும்.’ மெயின் மீட்டர் ஆயிரத்தைத் தாண்டினால் அப்போது அவருக்குப் பதினொரு ரூபாய் ஸ்லாப்.

சட்டத்துக்கு வருகிறேன். மின்சாரச் சட்டம் 2003-இன்படி உரிமம் இல்லாதவர் மின்சாரம் வழங்கக் கூடாது. சப்-மீட்டர் போட்டுக் காசு வாங்குவதை அதில் இழுத்து ஒரு புகார் கொடுத்திருக்கலாம். என் ஜூனியர் அதற்குத்தான் துடித்தார். நான் வேண்டாம் என்றேன். புகார் போனால் ஆய்வுக்கு வருவார்கள்; வந்தால் முதலில் நடப்பது இணைப்பின் மேல் நடவடிக்கை. சொந்தக்காரர் அபராதத்தைக் கட்டிவிட்டுத் தன் வீட்டில் ஃபேன் போட்டுத் தூங்குவார். இருட்டில் உட்காருவது ஏழு குடும்பம். ஜெயிக்கிற மனுவெல்லாம் கட்சிக்காரருக்கு நல்லது செய்யும் என்று சட்டக் கல்லூரியில் நினைத்துக்கொண்டிருப்போம்.

உபயோகமான பிரிவு 43. இடத்தின் சொந்தக்காரரோ அங்கே குடியிருப்பவரோ யார் விண்ணப்பித்தாலும் மின்விநியோக நிறுவனம் இணைப்புத் தர வேண்டும். ‘குடியிருப்பவர்’ என்று சட்டமே சொல்கிறது. தமிழ்நாடு மின்விநியோக விதித்தொகுப்பில் 27(4) இன்னும் தெளிவு: சொந்தக்காரர் ஒப்புதல் கடிதம் தர மறுத்தால், சட்டப்படி குடியிருப்பதற்கு ஆதாரம் காட்டி, நஷ்டஈட்டு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, காப்புத்தொகையை இரண்டு மடங்காகக் கட்டினால் இணைப்பு வாங்கலாம். போதாததற்கு 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் சொல்லிவிட்டது: மின்சாரம் அடிப்படைத் தேவை, சொந்தக்காரர் தடையின்மைச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மறுக்க முடியாது, விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

உதவிப் பொறியாளர் நல்ல மனிதர், தீர்ப்பு நகலை நின்றபடியே முழுக்கப் படித்தார். “குடியிருக்காங்கன்னு ஆதாரம் என்ன சார் இருக்கு? அக்ரிமென்ட்டு?” அக்ரிமென்ட் இல்லை. லைன் வீட்டில் யாருக்கும் இருப்பதில்லை. அட்வான்ஸ் கொடுத்ததற்குக்கூடத் துண்டுச்சீட்டுத்தான். ஆதார் அட்டையில் முகவரி இருந்தது, ரேஷன் கார்டில் இருந்தது, அப்புறம் அந்த நாற்பது பக்க நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் சொந்தக்காரரே கையெழுத்துப் போட்டு, இவர் இன்ன வீட்டில் குடியிருந்து இவ்வளவு மின்சாரம் எரித்தார் என்று எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. பொறியாளர் சிரித்துவிட்டார். இடத்தைப் பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்றார்.

லைன்மேன் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே சந்து வாயிலில் பெட்டி திறந்தது. அந்த ஒரு வீட்டு ஃப்யூஸ் கேரியரை மட்டும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொந்தக்காரர் போய்விட்டார். அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன், காலி பண்ணச் சொல் என்று ஆள் மூலம் சேதி.

போலீஸுக்குப் போனால் சிவில் மேட்டர் என்பார்கள்; சொன்னார்கள். வாடகைதாரர்–உரிமையாளர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இதற்கு வழி இருக்கிறது. இருபதாவது பிரிவு: தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைச் சொந்தக்காரர் தடுக்கக் கூடாது, தடுத்தால் வாடகை அதிகாரி விசாரணை முடியும் முன்பே திருப்பிக் கொடுக்க உத்தரவிடலாம். எங்கள் கோட்டத்தில் வாடகை அதிகாரியும் கோட்டாட்சியர்தான். ஆக உரிமைத் தொகை மேல்முறையீடும் ஃப்யூஸ் கேரியர் மனுவும் ஒரே மேசைக்குப் போய்ச் சேர்ந்தன.

இப்போது சொந்தக்காரருக்கு வக்கீல் வந்துவிட்டார், என் பேட்ச்மேட். அவர் எடுத்த வாதம் கனமானது: இந்தச் சட்டத்தில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்திருக்க வேண்டும், இரண்டும் இல்லாதவருக்கு இருபதாவது பிரிவு எப்படிப் பொருந்தும்? எழுதாமல் விட்டது உங்கள் கட்சிக்காரர், அவர் தவறு அவருக்கே கவசமாகுமா என்று நான் கேட்டேன். சட்டப் புள்ளியாக இதற்கு விடை என்ன என்று அன்று யாரும் சொல்லவில்லை. உத்தரவே பிறக்கவில்லை. கோட்டாட்சியர் நோட்டைப் புரட்டினார். அதே மேசையில் கிராம நிர்வாக அலுவலரின் கள அறிக்கை இருந்தது, ‘ஏழு குடும்பங்கள் ஒரே மின் இணைப்பில் வசிக்கின்றனர்’ என்று. பின்வரிசை நான்கு வீடும் வீட்டு வரியில் எங்கே இருக்கின்றன என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். என் பேட்ச்மேட் தன் கட்சிக்காரரைப் பார்த்தார், கட்சிக்காரர் தரையைப் பார்த்தார். ராத்திரிக்குள் ஃப்யூஸ் கேரியர் இருந்த இடத்துக்கே வந்துவிட்டது.

அங்கே தெரிந்தது அவருடைய பயத்தின் வேர். முன்வரிசை மூன்று வீட்டுக்குத்தான் பிளான். பின்வரிசை பிற்பாடு, காகிதம் இல்லாமல் கட்டியது. ஏழு மீட்டர் கேட்டுப் போயிருந்தால், 2019 கட்டட விதிகளின்படி பணிநிறைவுச் சான்று வரை கேள்வி நீண்டிருக்கும். மாநகராட்சி ஏழு வீட்டுக்கும் வரி போட்டிருக்கும். அதற்கு அஞ்சித்தான் ஒற்றை மீட்டருக்குள் ஏழு குடும்பத்தையும் ஒளித்து வைத்திருந்தார்.

உரிமைத் தொகை மேல்முறையீடு அனுமதிக்கப்பட்டது. நவம்பரில் பணம் வந்தது. மின் இணைப்பு விஷயத்தில் என் பேட்ச்மேட்டும் நானும் கோர்ட் கேன்டீனில் உட்கார்ந்து முடித்தோம். முன்வரிசை மூன்று வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒப்புதல் கடிதம் தருவார், அதனால் இரட்டைக் காப்புத்தொகை வேண்டாம். பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வது. வாடகை மாதம் 600 ரூபாய் கூடும். பழைய வசூலைப் பற்றிப் பேச்சில்லை. திருப்பிக் கேட்கலாமே என்று ஜூனியர் முகம் சுளித்தார். கேட்டிருக்கலாம்தான். ஆனால் அந்த அம்மா குடியிருக்க வேண்டியது அதே சந்தில். வேறு வீடு தேடினால் அங்கேயும் சப்-மீட்டர்தான், யூனிட் பன்னிரண்டு.

வாடகை உயர்வு இரண்டு மாதத்துக்கு 1,200. மின்சாரத்தில் மிச்சம் 1,465. ஆக இத்தனை ஓட்டத்துக்கும் அவர் கையில் நின்றது 265 ரூபாய், அதோடு மாதம் வருகிற ஆயிரம். இண்டக்‌ஷன் பரணிலிருந்து இறங்கியதையும் லாபக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

மூன்று வீடு விலகியதால் மெயின் மீட்டர் 570 யூனிட்டுக்கு இறங்கியது. சொந்தக்காரருக்குப் பில் 2,510 ரூபாய். யூனிட்டுக்குச் சராசரி நாலரைக்கும் கீழே. பின்வரிசை நான்கு குடும்பங்களிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன், நீங்களும் வரலாமே என்று. மூன்று குடும்பத்துக்கு இந்த ஊரில் ரேஷன் கார்டு இல்லை. நாலாவது, ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் ஆறு பேர். சீசன் முடிந்தால் போய்விடுவோம் என்றார்கள். நான்கு வீட்டிலும் பத்து ரூபாயே தொடர்ந்தது. 2024 ஜூலையில் கட்டணம் 4.83 சதவீதம் ஏறியதும் சொந்தக்காரர் பன்னிரண்டாக்கிவிட்டாராம்.